ஏழு கல் தூரம்

2024 ஜூலை 3, புதன்
மருத்துவமனைத் தரையில் ஒட்டியிருந்த இரண்டு நாடாக்களுக்கு நடுவே நான்கு மீட்டர். அதைக் கடக்க என் கணவருக்கு ஆறு விநாடி ஆயிற்று. விநாடிக்கு 0.8 மீட்டருக்குக் குறைந்தால் மெதுநடை என்று குறித்துக்கொள்கிறார்கள். முப்பது வருடம் பேருந்தின் ஸ்டீயரிங்கை வளைத்த வலக்கை, பிடிவலு பார்க்கும் கருவியில் 19 கிலோவைத் தாண்டவில்லை. "எதைச் செய்தாலும் பெரும்பாடாக இருக்கிறதா?" என்று கேட்டதற்கு, "அப்படியெல்லாம் இல்லை" என்று சட்டென்று சொல்லிவிட்டார். காலையில் சட்டைப் பொத்தான்களைப் போட்டு முடித்ததும் கட்டிலில் சாய்ந்தவர் இவர்தான். நான் வாயைத் திறக்கவில்லை. மெதுநடை, பிடிவலுக் குறைவு, களைப்பு போன்ற ஐந்து அம்சங்களில் மூன்று இருந்தால் தளர்ச்சி. தாளில் இரண்டு என்று பதிவாயிற்று.

ஜூலை 4
இட்லி ஒன்றரை.

ஜூலை 8, திங்கள்
திரும்பி வந்த லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய்க்கு, நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களை (இரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச் செல்களை) எடுத்து வைத்து, வீரியமான கீமோவுக்குப் பின் திருப்பிச் செலுத்துவதால் பலன் உண்டு என்று காட்டிய பார்மா ஆய்வு 1995-இல் வெளிவந்தது. அதில் அறுபதைத் தாண்டியவர்களைச் சேர்க்கவே இல்லையாம். இவருக்கு 67. இப்போது வயதை மட்டும் வைத்து யாரையும் ஒதுக்குவதில்லை, உடம்பு எவ்வளவு தாங்கும் என்றுதான் பார்க்கிறோம் என்றார் மருத்துவர். தளர்ந்த உடம்பென்றால் தொற்றும், படுக்கையில் கழியும் நாட்களும், உயிருக்கான ஆபத்தும் கூடும். ஆகவே இரண்டு வாரம் நடை, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுதல், முட்டை, பருப்பு. அதற்கு மேல் காத்திருந்தால் அடங்கியிருக்கும் நோய் தலைதூக்கலாம்.

"வேறு ஏதாவது சொல்லணுமா அம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஜூலை 13, சனி
வாடகை அறைக்கு வெளியே நடைபாதையில் இரண்டடி டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். நான்கு மீட்டர் என்பது ஏழு கல்லுக்குச் சற்றுக் குறைவு. எண்ணுவதைக் கண்டுபிடித்துவிட்டார். "போலீஸ்காரி மாதிரி நிக்காதே" என்று எரிந்து விழுந்தார்.

ஜூலை 22, திங்கள்
ஐந்து விநாடி. சரியாக 0.8, எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறார். அதே "பெரும்பாடு" கேள்வியைக் கேட்டு, வாரத்தில் எத்தனை நாள் என்றும் கேட்டார்கள். "ரெண்டு நாள் இருக்கும்" என்றார். மூன்று என்றால் கணக்கில் சேரும் என்று எனக்குத் தெரியும். இவருக்கு எப்படித் தெரிந்தது?

ஜூலை 30
மெல்ஃபலான் என்னும் கீமோ மருந்து ஏறி முடியும்வரை வாயில் ஐஸ் துண்டுகள். புண் குறையுமாம்.

ஜூலை 31
உறைய வைத்திருந்த செல்கள் ஏறின. செல்களோடு சேர்த்திருக்கும் மருந்தின் வாடை இவர் மூச்சிலும் வந்துவிட்டது; பூண்டு உரித்த கையின் வாடை.

ஆகஸ்ட் 8, வியாழன்
எட்டாம் நாள். காய்ச்சல். வெள்ளையணு வெறும் 100. கழிவறைக்குப் போக இருவர் தாங்க வேண்டியிருக்கிறது. இரண்டு நாள் என்று அவர் சொன்னபோது நான்கு நாள் என்று நான் திருத்தியிருந்தால், இன்னொரு மாதம் தள்ளிப் போட்டிருப்பார்களா, மருந்தின் அளவைக் குறைத்திருப்பார்களா, அல்லது இந்த உடம்பு தாங்காது என்று அனுப்பிவிட, நாங்களும் ஊருக்குத் திரும்பி, கழுத்துக் கட்டி பெருப்பதைத் தினமும் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமா? கேட்கலாம். கேட்டால், மறைத்ததைச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 10
கஞ்சி மூன்று கரண்டி.

ஆகஸ்ட் 13, செவ்வாய்
நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணு வகை 600. தொடர்ந்து மூன்று நாள் 500-க்குக் குறையாமல் நின்றால் செல்கள் வேர்பிடித்துவிட்டன என்று கொள்வார்களாம். இன்று முதல் நாள். பிசியோ பெண் வாக்கரைக் கொண்டுவந்தாள். இரண்டு கல் நடந்தார். மூன்றாவதில் நின்று, திரும்பாமலே, "எண்ணாதே" என்றார்.

ஆகஸ்ட் 14
மாலை நான்காகியும் இரத்த அறிக்கை வரவில்லை.