தலை ஆடி

ஆடி 9

நேற்றுச் சாயங்காலம் மகள் வந்துவிட்டாள். கல்யாணமாகி முதல் ஆடி. சம்பந்தி வீட்டுக்குச் சீர்த்தட்டு கொண்டுபோய் நானும் அவள் அப்பாவும் அழைத்து வந்தோம். ராத்திரிக்கு வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் வேண்டும் என்று ரயிலிலேயே சொல்லிவிட்டாள். ஆனால் இலை போட்டதும் உட்காரவில்லை. "நீங்களெல்லாம் சாப்பிடுங்கள் அம்மா, நான் அப்புறம்" என்றாள். இந்த 'அப்புறம்' எங்கள் வீட்டில் கற்றதில்லை. பள்ளிக்கூடப் பையைத் தூக்கி எறிந்துவிட்டு நேராக அடுப்படிக்கு வருகிற பெண் இவள்.

ஆடி 10

தூக்கம் பிடிக்கவில்லை. சங்கப் பாடல் தொகுப்பான நற்றிணையில் 110ஆம் பாட்டை எடுத்தேன், போதனார் பாடியது. தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி, பூச்சுற்றிய கோலை ஓங்கி, 'உண்' என்று நரைத்த செவிலியர், வளர்ப்புத் தாய்மார், துரத்துகிறார்கள். சிலம்பின் முத்துப்பரல் ஒலிக்க, பிடிகொடுக்காமல் பந்தலுக்கு ஓடுகிறாள் சிறுமி. அவளே இன்று கணவன் வீட்டில் வறுமை வந்தும் அப்பா வீட்டுக் கொழுஞ்சோற்றை நினைப்பதில்லை. ஓடும் நீரின் கீழ் நுண்மணல் படிவதுபோல் இடைவிட்டு, வேளை தவறி உண்கிறாள். இந்த அறிவையும் ஒழுக்கத்தையும் எங்கே கற்றாளோ என்று தாய் வியக்கிறாள்.

இருபது வருஷம் தமிழ் நடத்தினேன். இது தாயின் பெருமிதம் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். தவறாகச் சொல்லியிருக்கிறேன். வெறும் பெருமிதம் என்றால் அந்தப் பாலும் கிண்ணமும் கோலும் எதற்கு? ஒரு பரலின் ஒலியைக்கூட அவள் மறக்கவில்லையே. பெற்றவள் வாய்விட்டுச் சொல்ல முடிந்தது புகழ்ச்சி மட்டும்தான். அழுகை முழுவதும் அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது.

ஆடி 11

சம்பா நாற்றங்காலுக்கு விதைவிட ஆள் வந்தார்கள். எழுத நேரமில்லை.

ஆடி 14

பஸ்ஸில் பூம்புகார் போய் வந்தோம், நானும் அவளும் மட்டும். கடற்கரையில் உட்கார்ந்து மாதவியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். கண்ணகியைப் பெற்றவளுக்குச் சிலப்பதிகாரத்தில் பெயர்கூட இல்லை. மணிமேகலையிலோ பாட்டி, தாய், மகள் மூவருக்கும் பெயர் உண்டு, முகம் உண்டு. இந்திர விழாவில் ஆட வரவேண்டும் என்று மாதவியின் தாய் சித்திராபதி ஆள் அனுப்புகிறாள். மாதவி மறுக்கிறாள். என் மகள் என்று அவள் சொல்லவில்லை. 'மாபெரும் பத்தினி மகள் மணிமேகலை' என்கிறாள். பத்து மாதம் சுமந்தவள், மகளைக் கணிகைக் குலத்தொழிலிலிருந்து மீட்பதற்காக அவளைக் கண்ணகிக்கு மகளாக்கிவிடுகிறாள்! தமிழில் இதைவிடப் பெரிய தாய்ப்பேச்சு எனக்குத் தெரியாது என்றேன்.

மகள் மணலைக் கையால் அளைந்துகொண்டே கேட்டாள்: "சரி அம்மா, மணிமேகலையிடம் ஒரு வார்த்தை கேட்டாளா?"

கேட்கவில்லை. கோவலனுக்கும் கண்ணகிக்கும் நேர்ந்ததைக் கேட்டு, பூத்தொடுத்துக்கொண்டிருந்த பெண்ணின் கண்ணீர் மாலையில் விழுகிறது. மாதவி அந்தக் கண்ணீரைத் துடைக்கிறாள்; மாலை தூய்மை இழந்தது, வேறு பூ கொண்டுவா என்று அனுப்புகிறாள். துடைத்தாள், கேட்கவில்லை. எத்தனையோ முறை படித்த இடம். இது என் கண்ணில் படவே இல்லை.

திரும்பும் வழியெல்லாம் நான் பேசவில்லை. இவளையும் நான் கேட்டதில்லை.

ஆடி 18

ஆடிப்பெருக்கு. காவிரியின் துலாக்கட்டத்தில் நல்ல கூட்டம். படித்துறையில் தண்ணீர் ஏறியிருந்தது. மஞ்சளும் காதோலை கருகமணியும் வைத்துக் கும்பிட்டு, புதுச்சரடு கட்டிக்கொண்டோம். படியில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது கேட்டுவிட்டேன்: "அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?"

வெகுநேரம் ஆற்றையே பார்த்தாள். "யாரும் ஒன்றும் சொல்வதில்லை அம்மா. எல்லாருக்கும் பரிமாறி முடிக்க மூன்று மணியாகிவிடுகிறது. சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் ஆளில்லை."

இன்றைக்கே சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்கிறேன் என்று எழுந்தேன். கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "நீ பேசாதே. அவரிடம் நானே சொல்கிறேன். எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்."

சரி என்றேன். தொண்டைவரை வந்ததை விழுங்கிக்கொண்டு பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் அப்பா பூஜைச் சாமான்களோடு இன்னும் மேல்படியில்தான் இருந்தார். அவருக்குக் காத்திராமல் எடுத்துச் சாப்பிட்டாள்.