எதிர்ப்பு சக்தி கூடினால் எனக்குத்தான் அடி

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், நான் ஒவ்வொரு வாய் சோற்றுக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து இலைப் பெரியம்மா, "ஏன் தாயி, சாம்பார் காரமாவா இருக்கு?" என்று கேட்டார். "இல்ல பெரியம்மா, எனக்கு வாய்ல எச்சில் ஊறாது" என்று சொல்லித் தொலைத்தேன். அவ்வளவுதான். பாயசம் வருவதற்குள் சீந்தில் சூரணம், அமுக்கரா லேகியம், நோனி ஜூஸ், வெறும் வயிற்றில் வெண்பூசணிச் சாறு என்று நாலு வைத்தியம் என் இலையில் விழுந்துவிட்டது. நாலுக்கும் ஒரே காரணம்தான் சொன்னார்கள்: எதிர்ப்பு சக்தி கூடுமாம்.

எனக்கு எதிர்ப்பு சக்தி குறைவு என்று யார் சொன்னது? வெளியிலிருந்து வருகிற கிருமியை அடிக்க வேண்டிய படை, என் தைராய்டையும் மூட்டையும் எச்சில் சுரப்பியையும் எதிரி என்று நினைத்து அடித்துக்கொண்டிருக்கிறது. வேலியே பயிரை மேய்கிறது, இதில் வேலிக்கு உரம் போடு என்கிறார்கள். பந்தியில் உட்கார்ந்து இதை விளக்க முடியுமா, "சரி பெரியம்மா, பாக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

முதலில் வந்தது தைராய்டு. 2013, இரண்டாவது பிரசவம் முடிந்து எட்டு மாதம், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, மத்தியானம் ஆனால் பிள்ளையைத் தூக்கக்கூடத் தெம்பில்லை. ஹாஷிமோட்டோ என்றார்கள், அந்தப் படை தைராய்டைத் தாக்குகிற நோய். 1912-இல் ஹகாரு ஹாஷிமோட்டோ என்கிற ஜப்பானிய மருத்துவர் எழுதிவைத்த நோய். எங்கள் வீட்டில் அம்மா, சித்தி, மதினி எல்லாருக்கும் தைராய்டு இருந்ததால் இதை யாரும் ஒரு நோயாகவே எடுத்துக்கொள்ளவில்லை, நான் உட்பட.

இரண்டாவது 2018 மார்கழியில். கோலப்பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் திரித்தால் கோடாக விழ வேண்டும், விழவில்லை. விரல் மடங்க மாட்டேன் என்றது, பொடி கட்டி கட்டியாகக் கொட்டியது. பனி என்று நினைத்தேன். ஒன்பது மணி வாக்கில் விரல் தானாக இளகிவிடும், மறுநாள் காலையில் மறுபடி கட்டை. பொங்கல் போய் மாசியும் பிறந்தது, பாளையங்கோட்டை வெயில் ஏறியது, பனியை இனிமேல் குறை சொல்ல முடியாது என்று ஆனதும்தான் ரத்தம் கொடுக்கப் போனேன். மூட்டைத் தாக்குகிற நோயைக் காட்டிக்கொடுக்கிற ஆன்டி சி.சி.பி. அளவு எகிறியிருந்தது. முடக்கு வாதம்.

மூன்றாவது 2021-இல், ஷோகிரென், கண்ணீரும் எச்சிலும் வற்றிப்போகிற நோய். ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஒருவரின் பெயர் அது. இதற்கு ஒரு பரிசோதனை வைப்பார்கள். கீழ் இமைக்கு உள்பக்கம் ஒரு சின்னக் காகிதப் பட்டையை மடித்துச் சொருகிவிட்டு ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார்கள், கண்ணீரில் காகிதம் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று அளப்பார்கள். 5-க்கு மேல் வரவில்லை என்றால் கண் காய்ந்திருக்கிறது என்று கணக்கு. எனக்கு வலது கண்ணில் 3, இடது கண்ணில் 2. மூன்றாவதாகவும் ஒன்று என்று கேட்டதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது, கண்ணீர்தான் வரவில்லை. டாக்டரம்மா சிரித்துவிட்டார், நானும்தான்.

இந்த வகை நோய் ஒன்று வந்தால் அடுத்தது வருகிற வாய்ப்பு கூடிவிடுகிறது. அதிலும் பெண்கள்தான் அதிகம். முடக்கு வாதம் ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு, ஷோகிரென் என்றால் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். ஏன் என்பதற்கு இன்னும் முழுசாகப் பதில் இல்லை.

ஆக என் நாள் இப்படிப் போகிறது. விடிகாலை ஐந்து மணிக்குத் தைராய்டு மாத்திரை, அதற்கப்புறம் ஒரு மணி நேரம் காபி கிடையாது, கால்சியம் ராத்திரிக்குத்தான், ஏனென்றால் இரண்டுக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சாப்பிட்டபின் மூட்டுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின், அதற்காக வருஷா வருஷம் விழித்திரைப் பரிசோதனை. ஞாயிறு ராத்திரி அந்தப் படையை அடக்கிவைக்கிற மெத்தோட்ரெக்சேட் 15 மில்லிகிராம், செவ்வாய்க்கிழமை ஃபோலிக் ஆசிட். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறைதான், தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஒரு மருந்துக் கடையில் எனக்கே கவரில் "தினமும் 1" என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் பார்த்ததால் ஆச்சு. உங்கள் வீட்டில் யாராவது இதைச் சாப்பிட்டால் கிழமையைப் பெரிதாக எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவையுங்கள்.

திங்கட்கிழமை முழுக்கக் குமட்டல். மலைப்பாதையில் பஸ்ஸில் வந்து இறங்கியது போலவே இருக்கும். இப்படியே மூன்றரை வருஷம் ஓட்டினதற்கப்புறம் 2022-இல் எனக்கு அலுத்துப்போனது. இனிமேல் ஆயுசுக்கும் இதுதானா என்கிற அலுப்பு. அந்த நேரம் பார்த்து, சொந்தத்தில் ஒருவர் ஒரு வைத்தியரின் விலாசம் கொண்டுவந்தார். காரில் இரண்டு மணி நேரம். வாசலில் செருப்பு வைக்க இடமில்லாத கூட்டம். நாடி பிடித்துப் பார்த்தார், ரிப்போர்ட்டைக் கையில்கூட வாங்கவில்லை, இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினால்தான் இது வேலை செய்யும் என்றார். ஒரு மண்டலத்துக்கு நாற்பத்தெட்டுப் பொட்டலம், பழைய நியூஸ்பேப்பரில் மடித்தது, பழுப்பு நிறப் பொடி. பெயர் கிடையாது, என்ன சேர்த்திருக்கிறது என்று கேட்டால், பரம்பரை ரகசியம். நான்தான் ஏற்கெனவே டயட்டில் குணமாக்குகிறேன் பார் என்று இரண்டு மாதமாக மெத்தோட்ரெக்சேட்டை நைசாக நிறுத்தியிருந்தேனே, எனக்கு அவர் சொன்னது தேனாக இருந்தது.

நாலாம் நாள் காலையில் ஈரத் துவாலையை முறுக்கிப் பிழிந்தேன். இதைப் படிக்கிறவர்களில் மூட்டு வலிக்காரர்களுக்குத் தெரியும், துவாலை பிழிவது என்றால் என்னவென்று. அன்று சாயங்காலமே முறுக்கு உரலை எடுத்து இரண்டு படி மாவுக்கு முறுக்கு சுட்டேன், நாலு பேருக்குப் போன் போட்டு அந்த வைத்தியரின் நம்பரையும் கொடுத்தேன். அந்த நாலு பேரை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

ஏழாவது வாரத்தில் கன்னம் உப்பிவிட்டது. "உடம்பு தேறிட்டியே" என்றார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 148, ரத்த அழுத்தமும் கூடியிருந்தது. பயந்துபோய் பழைய மூட்டுவாத மருத்துவரிடமே போய் நின்றேன். அவர் ஃபைலைத் திறக்கவில்லை, முகத்தைப் பார்த்தார். "ஸ்டீராய்டு யார் கொடுத்தாம்மா?" "ஸ்டீராய்டா? நாட்டு மருந்து சார்." அவர் ஒன்றும் சொல்லாமல், அட்ரினல் சுரப்பி தானாகச் சுரக்கிற ஸ்டீராய்டான கார்டிசாலைக் காலை எட்டு மணிக்கு ரத்தத்தில் பார்க்க எழுதிக் கொடுத்தார். தரைமட்டத்தில் இருந்தது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு தாராளமாகப் போனால், நம் அட்ரினல் சுரப்பி வேலையை விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடும், அதனால் பொடியைப் பட்டென்று நிறுத்தவும் முடியாது. ஸ்டீராய்டு மாத்திரையாகவே கொடுத்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வெளியே வர ஆறு மாதம் ஆனது. பொடியை யாரும் பரிசோதனைக்கு அனுப்பவில்லை, அனுப்ப ஒரு பொட்டலம்கூட மிச்சமும் இல்லை, ஆனால் என் ரத்தம் சொன்னது எனக்குப் போதும்.

அதற்கப்புறம் எடுத்த எக்ஸ்ரேயில் இடது மணிக்கட்டு எலும்பு அரிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. தரையில் இடது கையை ஊன்றி எழுந்திருக்க இன்றைக்கும் முடியாது. மருந்தை நிறுத்திய மாதங்களில் வந்ததா, முன்பே தொடங்கியதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அதை நானே வைத்துக்கொள்கிறேன்.

இதனால் நான் நாட்டு மருந்துக்கு எதிரி ஆகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். என்னை நேராக்கியதில் அரசு ஆஸ்பத்திரி சித்த மருத்துவர் ஒருவருக்கும் பங்கு உண்டு. சீட்டு வாங்கி உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னேன். எல்லா ரிப்போர்ட்டையும் வாங்கிப் படித்தார். "ஞாயித்துக்கிழமை மாத்திரைய நிப்பாட்டிட்டு எங்கிட்ட வராதீங்கம்மா. அதோட சேர்ந்து என்ன செய்யலாம்னு வேணா பாக்கலாம்" என்றார். வெளிப்பூச்சுக்கு ஒரு தைலம், மலச்சிக்கலுக்கு ஒரு சூரணம், இரண்டிலும் என்னென்ன இருக்கிறது என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். பரம்பரை ரகசியம் எதுவும் இல்லை.

இப்போது யார் எந்த மூலிகையைச் சொன்னாலும் நான் முதலில் பார்ப்பது, இது என் மூன்று நோயையும் ஐந்து மருந்தையும் என்ன செய்யும் என்பதைத்தான். பந்தியில் கிடைத்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். சீந்தில்: 2020 கொரோனா சமயத்தில் எதிர்ப்பு சக்திக்காக இதைக் குடித்து, கல்லீரல் பாதிக்கப்பட்டு வந்த ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் மறு வருஷமே எழுதினார்கள், உடம்பே கல்லீரலைத் தாக்குகிற மாதிரியான பாதிப்பு. ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது, வாதம் நடந்தது. அவர்கள் வாதாடட்டும், ஏற்கெனவே கல்லீரலுக்கு வேலை வைக்கிற மெத்தோட்ரெக்சேட் எடுக்கிற எனக்கு அந்தப் பரிசோதனைக்கு ஆளாக விருப்பமில்லை. அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது, நான் மாத்திரை அளவை மைக்ரோகிராம் கணக்கில் சரிபார்த்து வைத்திருக்கும்போது அது வந்து கணக்கைக் கலைக்கும். வாய் வறட்சிக்கு அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள் என்பார்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தினமும் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும்.

மஞ்சள் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், அதுவும் குடலில் சரியாக ஏறாது. மிளகில் இருக்கிற பைப்பரின் சேர்ந்தால் பல மடங்கு ஏறும் என்று 1998-இல் பெங்களூரில் நடந்த ஆய்வு சொன்னது, அதிலிருந்துதான் இந்தக் குர்குமின்-மிளகு கேப்சூல் எல்லாம். விஷயம் என்னவென்றால், குர்குமினை உடம்பு வெளியே தள்ளாமல் தடுக்கிற அதே பைப்பரின் வேறு சில மருந்துகளையும் தள்ளவிடாமல் தடுக்கும். ரசத்தில் போடுகிற மிளகுக்கு இந்தப் பயம் வேண்டாம். கேப்சூலை மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடமாட்டேன்.

இயற்கை, செயற்கை என்று கோடு கிழிப்பதிலும் எனக்கு இப்போது நம்பிக்கை போய்விட்டது. நான் போடுகிற ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆலையில் செய்வதுதான், ஆனால் அதன் வம்சாவளியைப் பிடித்துக்கொண்டு போனால் மலேரியா மருந்தான கொய்னாவில், சிங்கோனா மரப்பட்டையில் போய் நிற்கும்; அந்த மரத்தைப் பயிரிட்டதால் வால்பாறைப் பக்கம் ஒரு ஊருக்கே சின்கோனா என்று பெயர். எச்சில் சுரக்கக் கொடுக்கிற பைலோகார்பின் தென்னமெரிக்கச் செடியின் இலையிலிருந்து வந்தது. மறுபக்கம் பார்த்தால் அரளி விதையும் இயற்கைதானே.

வீட்டு வைத்தியத்தில் நான் விடாமல் வைத்திருப்பவையும் உண்டு. காலையில் எழுந்ததும் பொறுக்கிற சூட்டில் வெந்நீர், ஒரு பிடி கல்லுப்பு, பத்து நிமிடம் இரண்டு கையும் உள்ளே. உப்பு எதற்கு என்று தெரியாது, ஆச்சி போடுவாள், நானும் போடுகிறேன், சூடுதான் வேலை செய்கிறது. வாரம் இரண்டு நாள் சாளை மீன் குழம்பு, மீன் கொழுப்பால் மூட்டு வலி கொஞ்சம் குறையலாம் என்பதற்கு ஆய்வு இருக்கிறது, இல்லாவிட்டாலும் சாளையை விடமாட்டேன். முடக்கத்தான் தோசை. அது வலியைக் குறைக்கிறதா என்று கேட்டால் தெரியவில்லை, பூண்டுச் சட்னியோடு நன்றாக இருக்கிறது. கண்ணில் மட்டும் எந்தச் சாறும் விடமாட்டேன், நந்தியாவட்டைப் பூ என்றாலும் சரி, தாய்ப்பால் என்றாலும் சரி. அதற்குச் சொட்டு மருந்துதான். திங்கட்கிழமைக் குமட்டலுக்கு இஞ்சி மொரப்பா. மெத்தோட்ரெக்சேட்டை ஊசியாக மாற்றிக்கொண்டதில் அந்தக் குமட்டலும் பாதியாகிவிட்டது, இதை 2022-இலேயே வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். டாக்டரிடம் அலுத்துப்போச்சு என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, முன்பின் தெரியாத ஆளிடம் காரில் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

கொரோனா சமயத்தில் அம்மா பால்கனித் தொட்டியில் ஊன்றிய சீந்தில் குச்சி இப்போது மாடிக் கிரில் வரைக்கும் ஏறி, இலை இலையாக விரித்துக்கொண்டு நிற்கிறது. மும்பைக் கதையை அவளுக்கும் சொன்னேன். "நீ குடிக்காட்டா போ, எனக்குச் சுகருக்கு நல்லது" என்று வாரத்தில் மூன்று நாள் தண்டை நசுக்கிக் கொதிக்கவைக்கிறாள். அடுத்த வியாழக்கிழமை எனக்குக் கல்லீரல் பரிசோதனை இருக்கிறது, அம்மாவுக்கும் சேர்த்து எடுத்துவிடலாம் என்று லேபில் சொல்லிவைத்திருக்கிறேன். ஊசி குத்துவார்கள் என்றால் வரமாட்டேன் என்கிறாள். வரும் வழியில் அல்வா வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், சுகர் இருக்கிறவளிடம் அல்வா ஆசை காட்டுகிறாயா என்று அதற்கும் திட்டு விழுந்தது.