தேனில் மிஞ்சும் தண்ணீர்

மார்த்தாண்டம் பக்கம் தை, மாசியில் ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்விடும். அந்தத் தளிரில் காம்பு மூன்று இலைகளாகப் பிரியும் இடத்தை உற்றுப் பாருங்கள். சின்னச் சுரப்பிகளில் இனிப்புநீர் பளபளவென்று நிற்கும். ரப்பர் தேன் பூவில் பிறப்பதல்ல, இந்தக் காம்பில் பிறப்பது.

அந்த நீரைத் தேனீக்கள் வாய்க்கு வாய் மாற்றி, நொதி சேர்த்து, அறைகளில் பரப்பி, இரவெல்லாம் சிறகடித்து வற்றவைக்கின்றன. பதம் வந்த பிறகே மெழுகால் மூடுகின்றன. அவ்வளவு பாடுபட்டு வற்றவைத்ததை மூடும் முன்பே பிடுங்குவது பெரிய அநியாயம். தேனீப் பெட்டியில் அடையைத் தாங்கும் மரச்சட்டத்தில் முக்கால் பங்கு அறைகளாவது மூடியிருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் சட்டத்தைப் படுக்கையாகப் பிடித்து ஓர் உதறு உதறுங்கள். தேன் தெறித்தால் திருப்பி வைத்துவிடுங்கள். அவசரத்தில் கூடும் எடை வெறும் தண்ணீரின் எடை.

பெட்டியின் மேலடுக்கான தேன் அறையின் சட்டங்களை மட்டும் எடுங்கள். கீழடுக்கில், புழுக்கள் வளரும் புழு அறையில் இருப்பது தேனீக்களின் சாப்பாடு. மெழுகு மூடியைச் சீவும் கத்தியை வெந்நீரில் முக்கினால் துடைத்துவிட்டே சீவ வேண்டும். சட்டத்தைச் சுழற்றித் தேன் எடுக்கும் எந்திரத்தில் முதலில் மெதுவாகச் சுற்றி, ஒரு பக்கம் பாதி இறங்கியதும் சட்டத்தைத் திருப்பி, மறுபக்கத்தை முழுதாக எடுத்து, மீண்டும் முதல் பக்கத்துக்கு வாருங்கள். தொடக்கத்திலேயே வேகம் பிடித்தால் உள்பக்கத் தேனின் கனம் தாங்காமல் அடை உடையும். முழு அடையாகத் திருப்பிக் கொடுத்தால் தேனீக்களுக்கு மெழுகு கட்டும் வேலை மிச்சம்.

ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டிய தேனில் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும்: மேலே நுரை, புளிப்பு வாசனை, திறந்தால் ‘புஸ்’ என்ற சத்தம். தேன் உறையும்போதும் இது நடக்கும்; அடியில் சர்க்கரை மணியாகப் படிய, மேலே நிற்கும் தேன் நீர்த்துப்போகிறது. தேன் பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்து, தேனின் சூடு 63 டிகிரி வந்ததும் எட்டு நிமிடம் நிறுத்தினால் ஈஸ்ட் சாகும். ஆனால் தண்ணீர் அங்கேயேதான் இருக்கும். நேரடித் தீயில் வைத்தால் மணமும் போய்விடும்.

இதே ஈஸ்டை வேண்டுமென்றே வேலை வாங்கினால் தேன்மது. நீண்ட மூங்கிலில் விளைந்த தேக்கள் தேறலை, அதாவது தேனால் ஆன கள்ளின் தெளிவை, சங்கப் பாடல்கள் சொல்கின்றன. போலந்தில் இன்றும் தண்ணீர்க் கணக்கில்தான் இதற்குப் பெயரே. ஒரு பங்கு தேனுக்கு அரைப் பங்கு தண்ணீர் என்றால் புல்தோராக், குறைந்தது 3 ஆண்டு ஊற வேண்டும். இரண்டு பங்கு என்றால் த்ருய்னியாக், 1 ஆண்டு போதும். தேனில் இனிப்பு ஏராளம், ஈஸ்ட் வளரத் தேவையான நைட்ரஜன் மிகக் குறைவு. அதைத் தனியே சேர்க்காவிட்டால் நொதிப்பது பாதியில் நிற்கும், சில சமயம் அழுகிய முட்டை நாற்றமும் அடிக்கும்.

தேன் காலம் முடிந்து மழை பிடித்தால் பெட்டிக்குள் பஞ்சம். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்து, அந்தி சாய்ந்த பிறகு பெட்டிக்குள் வையுங்கள். பகலில் வைத்தால் பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும். அடுத்த தளிர் வரும் முன் இந்தச் சர்க்கரைப் பாகு வைப்பதை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் தேன் அறைக்குப் போய்ச் சேரும்.