மைத்துனர்கள் செய்த கழுத்துக் காப்பு

மார்ச் 5, 2025 – சாட்ஸ்வொர்த், டர்பன்

1977-இல் இதே தேதியில்தான் ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக் கயாலமிப் பந்தயத் தடத்தில் கார் ஓட்டுநர் டாம் பிரைஸ் இறந்தார். தடத்தோரம் நின்றுவிட்ட காரில் எழுந்த தீயை அணைக்க, தீயணைப்பு உருளையோடு குறுக்கே ஓடினார் ஃபிரெடெரிக் யான்சன் வான் ஃபியூரன் என்ற 19 வயது ஊழியர். பிரைஸின் கார் அவர்மீது மோத, அந்த உருளை பிரைஸின் தலையில் அடித்தது. இருவரும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். அண்ணன் வருடந்தோறும் இந்தக் கதையைச் சொல்வார். இன்று சொல்லி முடித்த கையோடு, தன் மகன் கார்ப் பந்தயத்தில் இறங்கப்போவதாகப் பெருமையாக அறிவித்தார். மூளை எக்ஸ்-ரேயில் தெரியாது என்பது இந்த ஆண்களுக்கு எவ்வளவு வசதி!

மார்ச் 9

பையன் வந்தான். தீப்பிடிக்காத உடுப்பு, கையுறை, ஹெல்மெட் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பினான். "கழுத்துக்கு என்னடா?" என்றேன். அது போட்டால் தலையைத் திருப்ப முடியாதாம், விலையும் அதிகமாம். அவன் ஆங்கிலத்தில் பேச, நான் தமிழில் பதில் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். இன்று அவன் மொழியிலேயே சொன்னேன், தப்பாமல் காதில் விழட்டும் என்று.

கார் சுவரில் மோதும்போது பெல்ட் உடம்பை இருக்கையோடு பிடித்துவிடும். தலையைப் பிடிக்க ஒன்றும் இல்லை. ஹெல்மெட்டின் எடையும் சேர்ந்து அது முன்னால் பாயும். தலைக்கும் தோளுக்கும் நடுவே அகப்பட்ட கழுத்து இழுபட்டு, மண்டையோட்டின் அடித்தளம் உடையும். அங்கேதான் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் இருக்கின்றன. முகத்தில் கீறல்கூட இல்லாமல் ஆள் இறந்திருப்பான். எக்ஸ்-ரே அறையில் வேலை பார்த்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மார்ச் 16

நேற்றிரவு முழுவதும் ஜிம் டவுனிங்கைப் பற்றிப் படித்தேன். அமெரிக்க ஓட்டுநர், மாஸ்டா கார்களில் பெயர் வாங்கியவர். 1981-இல் அவருடைய நண்பர் பேட்ரிக் ஜாக்மார் ஒஹாயோவில் சோதனை ஓட்டத்தின்போது இதே மண்டையோட்டு முறிவால் இறந்தார். டவுனிங் தன் மைத்துனர் ராபர்ட் ஹப்பார்டிடம் போய் வழி கேட்டார். ஹப்பார்ட் அப்போது மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியர். மோதல் சோதனைப் பொம்மைகளுக்கான ஆய்வில் முன்பே ஈடுபட்டவர். மைத்துனர்கள் சேர்ந்து தொழில் தொடங்கினால் எங்கள் பக்கத்தில் அது வழக்கறிஞர் வீட்டில்தான் முடியும். இவர்கள் ஹான்ஸ் கருவியைச் செய்தார்கள்.

தோளில் உட்காரும் விறைப்பான கழுத்துப்பட்டை அது. அதன்மேல் பெல்ட் வரும். பட்டையிலிருந்து இரண்டு நாடாக்கள் ஹெல்மெட்டின் இரு பக்கமும் மாட்டும். இருக்கையோடு அதற்கு எந்தப் பிணைப்பும் இல்லை. பையன் பயந்ததுபோல் தலை சிறைப்படாது, பக்கவாட்டில் திரும்பும். மோதும்போது மட்டும் நாடா இழுத்துப்பிடிக்க, தலையும் உடம்பும் சேர்ந்தே நகரும். கழுத்து சுமக்க வேண்டிய விசை பட்டைக்கும் பெல்ட்டுக்கும் போய்விடும்.

கண்டுபிடித்த பெருமை ஹப்பார்டுக்குத்தான். ஆனால் எனக்கு டவுனிங்கைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது. 1980-களிலேயே, பார்க்க அசிங்கமாக இருந்த அந்தப் பெரிய பட்டையை மாட்டிக்கொண்டு பந்தயத்தில் ஓட்டினார். தயாரிக்க நிறுவனங்கள் முன்வராததால் மைத்துனர்களே நிறுவனம் தொடங்கி விற்றார்கள். பல வருடம் வாங்க ஆளில்லை. 1994-இல் இத்தாலியின் இமோலா தடத்தில் ஓட்டுநர் ராட்ஸன்பெர்கர் இறந்த பிறகுதான் ஃபார்முலா ஒன் பக்கம் இதைத் தேடி வந்தது. காற்றுப்பையையும் ஆராய்ந்து, கடைசியில் இதையே சிறிதாக்கி, 2003-இல் கட்டாயமாக்கினார்கள். அமெரிக்க ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இதை அணிய மறுத்தவர். 2001 பிப்ரவரியில் டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் அவர் போனார். அந்த அக்டோபரில் அங்கே பந்தயம் நடத்தும் நாஸ்கார் அமைப்பு தலைக்கும் கழுத்துக்கும் காப்பு கட்டாயம் என்றது. கையில் மருந்து இருந்தும் இத்தனை சாவு! ஓட்டுநர்களைக் குறை சொல்லத்தான் செய்வேன்.

மார்ச் 30

மழை. பையன் வரவில்லை. அண்ணி மட்டும் தொலைபேசியில் அழுதாள்.

ஏப்ரல் 12

பையன் பழைய ஹான்ஸ் ஒன்றை மலிவாகப் பிடித்துவந்தான். நாடா ஓரங்களில் பிசிறு. அதைக்கூட மாற்றிவிடலாம். ஆனால் இதன் சாய்வு 30 பாகை. ஃபார்முலா காரில் சாய்ந்து படுத்து ஓட்டுகிறவர்களுக்கானது. இவன் கார் சாதாரண சலூன், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவது. அதற்கு 20 பாகை வேண்டும். "பத்து பாகையில் என்ன வந்துவிடும், அத்தை?" என்றான். திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கால் வைக்க இடமில்லை. அண்ணி மகனுக்காக நேர்ந்துகொண்டாள். வரிசையில் நிற்கும்போதே அண்ணனிடம் விலையைச் சொன்னேன். பாதி நான் தருகிறேன் என்றதும், அம்மன் சந்நிதியில் மறுக்க அவருக்கு வாய் வரவில்லை. இடம் பார்த்துத்தான் கேட்டேன்.

ஏப்ரல் 26

புதியது வந்தது, கழுத்தளவு பார்த்து வாங்கியது. காரில் உட்காரவைத்து மாட்டினோம். பெல்ட் பட்டையின் மேல் நேராக விழுகிறது. ஆனால் ஹெல்மெட்டில் நாடாவை மாட்டும் முளைகள் இல்லை. துளை போட்டுவிடலாம் என்று அண்ணன் டிரில்லை எடுத்துவந்தார். பிடுங்கி என் கார் டிக்கியில் வைத்துப் பூட்டினேன். முளைகளுக்குத் தயாரிப்பாளரே இடம்விட்ட ஹெல்மெட் வரும்வரை பையன் ஓட்டமாட்டான். அண்ணனுக்கு டிரில்லும் கிடைக்காது.