லாக்வுட் அண்ட் கோ படிச்ச ராத்திரிகள்

நவம்பர் 4

நேத்து படுக்கும்போது மணி ரெண்டு. ஜோனதன் ஸ்ட்ரவுட் எழுதின "தி ஸ்க்ரீமிங் ஸ்டேர்கேஸ்" ஆரம்பிச்சிருக்கேன், 2013ல வந்தது, லாக்வுட் அண்ட் கோ வரிசையில முதல் நாவல். தங்கச்சிக்குப் பன்னெண்டு வயசு, அவளுக்குன்னு வாங்கினது, நான்தான் முதல்ல உக்காந்துட்டேன். கதையில அம்பது வருஷத்துக்கு மேலா பிரிட்டன் முழுக்க பேய்த்தொல்லை, அதுக்குப் பேரே "தி ப்ராப்ளம்". இருட்டினா ஊரடங்கு, தெருவுல பேயை விரட்டுற விளக்கு, பேய் கை பட்டா உடம்பு நீலமா வீங்கி ஆளே போயிடுவாங்க. ஆனா பெரியவங்களுக்கு பேய் சரியாத் தெரியாது, சின்னப் பசங்களுக்குத்தான் தெரியும், அதனால ராத்திரி கத்தியை எடுத்துட்டு போறது பசங்க.

நவம்பர் 5

இன்னைக்கு தங்கச்சிக்கு சத்தமா வாசிச்சேன். லண்டன்ல 35, போர்ட்லேண்ட் ரோ, அந்த வீட்டுலதான் பேய் பிடிக்கிற ஏஜென்சி லாக்வுட் அண்ட் கோ, அதுல மூணே பேர்: லாக்வுட், ஜார்ஜ், புதுசா வந்த லூசி. மத்த ஏஜென்சியில பசங்களுக்கு மேல ஒரு பெரிய ஆள் சூப்பர்வைசரா இருப்பாங்க, இங்க யாருமே கிடையாது. அவங்க கிட்ட இருக்கிறது இரும்புச் சங்கிலி, இரும்புத்தூள், உப்பு குண்டு, மெக்னீசியம் குண்டு, அப்புறம் மெல்லிசா நீளமா ஒரு வாள். சங்கிலியை வட்டமா போட்டு உள்ள நின்னுக்கிட்டு பேயோட "சோர்ஸ்", அதாவது பேய் ஒட்டிக்கிட்டு இருக்கிற பொருள், எங்க இருக்குன்னு தேடணும், எலும்போ நகையோ எதுவோ, கிடைச்சதும் வெள்ளியில மூடிட்டா முடிஞ்சுது. இரும்பும் உப்பும்னு வாசிச்ச உடனே தங்கச்சி ஆச்சியைத்தான் சொன்னா. ராத்திரி கறிக்குழம்பு குடுத்து அனுப்பும்போது தூக்குல ஒரு கரித்துண்டும் ஆணியும் போடுவாங்களே, உப்பு மிளகா சுத்தி அடுப்புல போடுவாங்களே. எங்கயோ இங்கிலாந்துல நடக்கிற கதை சட்டுனு எங்க வீட்டு அடுப்படிக்கு வந்துருச்சு.

நவம்பர் 7

லூசியோட பழைய கதை வந்துச்சு, இதை எழுதாம தூங்க முடியல. லண்டனுக்கு வர்றதுக்கு முன்னாடி அவ ஊர்ல ஒரு ஏஜென்சியில இருந்தா, ஒரு பழைய மில்லுக்கு அவளையும் கூட இருந்த பசங்களையும் அனுப்புறாங்க, கூட்டிட்டு வந்த பெரிய மனுஷன் பயந்துக்கிட்டு வெளியவே நின்னுடுறாரு. உள்ள இருக்கிறது சாதாரண பேய் இல்லன்னு லூசிக்கு உள்ளுக்குள்ள படுது, ஆனா அவ அடிச்சு சொல்லல, பெரியவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டா. கூட வந்த பசங்க செத்துப் போனாங்க, அவ மட்டும் தப்பிச்சா. அப்புறம் நடந்த விசாரணையில அந்த ஆளுக்கு ஒண்ணும் ஆகல. தங்கச்சி கேட்டா, "அக்கா, பேய் தெரியாட்டியும் அவரு கூடவாவது நின்னிருக்கலாம்ல?" எனக்கு இருபத்தி நாலு வயசு. அந்த உலகத்துல நான் இருந்தா எனக்கும் ஒண்ணும் தெரியாது, சாயங்காலமே கதவைப் பூட்டிட்டு உள்ள உக்காந்திருப்பேன், இவளைத்தான் வெளிய அனுப்பியிருப்பாங்க. அதுக்கப்புறம் வாசிக்க முடியல, லைட்டை அணைச்சுட்டோம்.

நவம்பர் 8

கொஞ்சம்தான் வாசிச்சோம். லாக்வுட் அவசரத்துல சங்கிலியை எடுக்காமலே ஷீன் ரோட்டுல பேய் இருக்கிற ஒரு வீட்டுக்குப் போய், கடைசியில அந்த வீடே எரிஞ்சு போச்சு, நஷ்டஈடு 60,000 பவுண்டு!

நவம்பர் 10

அந்த வீட்டுச் சுவருக்குள்ள ஒரு பொண்ணோட உடம்பு இருந்துச்சு, ஆனபெல் வார்டு. கிட்டத்தட்ட அம்பது வருஷமா காணாமப் போனவன்னு ஜார்ஜ் பழைய பேப்பரைத் தோண்டித்தான் கண்டுபிடிக்கிறான். வேட்டைன்னா வாளை வீசுறதுதான்னு நான் நினைச்சிருந்தேன், ஆனா இதுல பாதி வேலை லைப்ரரியில நடக்குது, இந்தக் கதையில எனக்கு ரொம்பப் புடிச்சதே இந்தப் பாதிதான். லூசிக்கு இருக்கிற சக்தி கேக்குறது, செத்தவங்களோட குரல் அவளுக்குள்ள வந்து விழும். ஆனபெல் கழுத்துல இருந்த லாக்கெட்டை யார்கிட்டயும் சொல்லாம எடுத்துட்டு வந்துடுறா, அது தப்புதான், ஆனா அந்தப் பொண்ணோட பயத்தையும் காதலையும் இவ ஒருத்திதான் கேட்டிருக்கா. அவளைக் கொன்னது யாருன்னு இங்க எழுத மாட்டேன். ஒரு பேய் மேல இவ்வளவு பாவம் வரும்னு நான் நினைக்கவே இல்ல.

நவம்பர் 12

முடிச்சாச்சு. கூம்ப் கேரி ஹால்னு ஒரு பழைய பேய் மாளிகை வர்ற பக்கமெல்லாம் தங்கச்சி என் கையை விடவே இல்ல. கடைசியில ஜார்ஜோட கண்ணாடி ஜாடிக்குள்ள இருக்கிற மண்டையோடு லூசிகிட்ட பேசுது. நெட்ஃப்ளிக்ஸ்ல 2023 ஜனவரியில சீரிஸா வந்து, எட்டே எபிசோட்ல அந்த மே மாசமே நிறுத்திட்டாங்க, எனக்கு அது இன்னும் ஆறல. புத்தகம் மொத்தம் அஞ்சு இருக்கு, ரெண்டாவது இன்னைக்கே ஆர்டர் போட்டேன். படுக்கும்போது தங்கச்சி கேட்டா, "லூசி பெரியவளானா அவளுக்குக் கேக்காம போயிடுமா?" ஆமான்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "அப்போ அவ வெளிய நிக்க மாட்டா, பசங்க கூட உள்ள போவா"ன்னு சொல்லிட்டு தூங்கிட்டா.