தைராய்டு ஊசி டெஸ்டில் ‘பெத்தஸ்டா 3’ வந்ததா? முதலில் ஸ்லைடை வாங்குங்கள்

என் தைராய்டு கட்டிக்கு ஸ்கேனில் டைராட்ஸ் 4 (கட்டி எவ்வளவு சந்தேகப்படும்படி இருக்கிறது என்று ஸ்கேனை வைத்துப் போடும் எண்), அளவு 1.8 செ.மீ. அந்த வகையில் 1.5 செ.மீ. ஆனாலே ஊசி போட்டுப் பார்ப்பார்கள். மெல்லிய ஊசியால் செல்லை எடுத்துப் பார்க்கும் அந்த எஃப்.என்.ஏ.சி. டெஸ்ட் சட்டென்று முடிந்தது. வினையெல்லாம் ரிப்போர்ட் வந்த பிறகுதான்.

‘பெத்தஸ்டா 3’ என்று ஒரே வரி. ஊசியில் வந்த செல்லைப் பார்த்து 1 முதல் 6 வரை போடும் எண் அது; 3 என்றால் இன்னதென்று தெளிவாகச் சொல்ல முடியவில்லை என்று அர்த்தம். முதலில் பார்த்த டாக்டர் அதைப் படித்த கையோடு, “முழுசா எடுத்துடலாம்மா, அட்மிஷன் போட்டுட்டுப் போங்க” என்றார். கேன்சரா என்று கேட்டேன். “இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.” அவ்வளவுதான். அன்று ராத்திரி வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

அந்த எண்ணுக்கு என்ன கணக்கு என்று அவரே சொல்லியிருக்கலாம். 2023 பெத்தஸ்டா பதிப்பின்படி, 3 வந்தால் கேன்சராக இருக்கும் வாய்ப்பு சராசரியாக 22 சதவீதம், 4 வந்தால் 30. 5-க்குப் போனால்தான் 74. இதுவும் பெரும்பாலும் ஆபரேஷன் செய்து பார்த்த கட்டிகளை வைத்துப் போட்டது. சந்தேகம் அதிகமானவர்களைத்தானே ஆபரேஷனுக்கு அனுப்புவார்கள்? அதனால் 3 வந்த எல்லோருக்கும் இவ்வளவு இருக்கும் என்று பயப்பட வேண்டாம்.

அண்ணன் வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். “ஸ்லைடு எங்கம்மா?” என்றுதான் அங்கே முதலில் கேட்டார்கள். ஊசியில் எடுத்த செல்லைத் தடவி வைத்த கண்ணாடித் துண்டுதான் ஸ்லைடு. லேபுக்குத் திரும்ப ஓடினோம். “அதெல்லாம் பேஷண்ட் கையில குடுக்கிறதில்ல” என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். அடுத்த தடவை போனால் கையெழுத்துப் போட ஆள் இல்லை. என் கழுத்திலிருந்து எடுத்ததைக் கேட்டு நான் கெஞ்ச வேண்டியிருந்தது, இன்னும் ஆறவில்லை. புது டாக்டர் லெட்டர்பேடில் எழுதித் தந்ததும், பில், ஆதார் நகல், திருப்பித் தருவதாக ஒரு கடிதம் எல்லாம் வைத்துக் கேட்டோம். தந்துவிட்டார்கள். ஊதாக் கறை படிந்த கண்ணாடித் துண்டுகள், ஓரத்தில் பென்சிலால் எழுதிய லேப் நம்பர். அதை ரிப்போர்ட் நம்பரோடு ஒத்துப் பார்த்துதான் வாங்கினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஸ்லைடில் ரத்தம்தான் அதிகம், செல் குறைவு என்றார் அங்கிருந்த பேத்தாலஜிஸ்ட். ஸ்கேனில் பார்த்தபடியே மறுபடி ஊசி போட்டார்கள். பெத்தஸ்டா 2, அதாவது கேன்சர் இல்லாத கட்டி வகை! அண்ணன் அங்கேயே அழுதுவிட்டார்.

பெத்தஸ்டா 4 வந்தவர்களுக்கு மறுபடி ஊசி போடும் இந்த வழி அவ்வளவாக உதவாது. கட்டியின் உறையைத் தாண்டிச் செல்கள் பரவியிருக்கின்றனவா என்பது ஊசியில் வரும் செல்லை வைத்துத் தெரியாது. கட்டியை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அப்போதும் பாதித் தைராய்டை மட்டும் எடுத்தால் போதுமா என்று கேளுங்கள். மீதிப் பாதி பலருக்கு மாத்திரையே இல்லாமல் ஓட்டிவிடும்.

எனக்கு இனி அடுத்த வருஷம் ஸ்கேன் மட்டும்தான்.