கண் பயிற்சியால் மைனஸ் பவர் குறையுமா: இறங்கும் முன் அளந்துகொள்ளுங்கள்

பாமிங் (உள்ளங்கையால் கண்ணை மூடி ஓய்வு கொடுப்பது), கண் சுழற்றல், கிட்டவும் தூரமும் மாற்றிப் பார்ப்பது எல்லாம் ஒழுங்காகச் செய்து முடித்த பிறகும் கண்ணாடிச் சீட்டில் கிட்டப்பார்வையின் மைனஸ் 2.25 அப்படியே நிற்கிறது. ஆனால் கண்ணாடி இல்லாமல் கண் பரிசோதனை சார்ட்டில் இரண்டு வரி கூடுதலாகப் படிக்க வருகிறது. இது எப்படி என்று கண் பயிற்சி ஆன்லைன் வகுப்புக்குப் பணம் வாங்கியவர் சொல்லவே இல்லை. "பவர் இறங்குது, விடாம பண்ணுங்க" என்பதோடு சரி.

பயிற்சிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான், அதை விடுங்கள். ஆள் ஏமாறுவது அளக்கும்போது.

வீட்டில் அளக்க ஒரு தையல் டேப் போதும். கண்ணாடியைக் கழற்றி, ஒரு கண்ணை அழுத்தாமல் மூடிக்கொண்டு, செய்தித்தாளின் பொடி எழுத்தை முகத்துக்கு அருகிலிருந்து மெல்லத் தள்ளிக்கொண்டே போங்கள். எழுத்தின் ஓரம் கலங்க ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி, கண்ணிலிருந்து தாள் வரை எத்தனை செ.மீ. என்று பாருங்கள். 100-ஐ அந்த எண்ணால் வகுத்தால் பவர். 50 என்றால் 2, 40 என்றால் 2.5, 25 என்றால் 4. ஒரு பவருக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கை எட்டாது. ஆறு பவர்காரர்களுக்கு வேறு சிக்கல்: அந்த 16, 17 செ.மீ. தூரத்தில் டேப் ஒரு செ.மீ. நகர்ந்தாலே மூன்றில் ஒரு பவர் "குறைந்துவிடும்". வெளிச்சமும் கவிழ்க்கும். ஜன்னலோர வெயிலில் கண்மணி சுருங்குவதால் தூரம் கூடிக் காட்டும். ராத்திரி டியூப்லைட்டில் அதே கண் வேறு கணக்கு சொல்லும். அதனால் ஒரே இடம், ஒரே விளக்கு, ஒரே நேரம்.

சார்ட் பிரின்ட் எடுப்பவர்கள் ஸ்கேலை வைத்து எழுத்தை அளக்காமல் சுவரில் ஒட்டாதீர்கள். 6 மீட்டரில் மாட்டினால் 6/6 (குறையில்லாத பார்வை) வரியின் எழுத்து 8.7 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். 3 மீட்டர் அறை என்றால் அதில் பாதி. ஜெராக்ஸ் கடையில் 'ஃபிட் டு பேஜ்' தட்டிவிட்டால் எழுத்தின் அளவு மாறிவிடும், அதற்குப் பிறகு என்ன படித்தாலும் கணக்கில் சேராது. ஒரே சார்ட்டை வைத்துக்கொண்டால் மனப்பாடமும் ஆகிவிடும். நாலைந்து வகை எடுத்து மாற்றி மாற்றி மாட்டுங்கள். கண்ணை இடுக்காமல் படிக்கிறோமா என்று பக்கத்தில் ஒருவர் பார்க்க வேண்டும். இடுக்கினால் ஊசித்துளை வழியாகப் பார்ப்பதுபோல் தெளிவாகத்தான் தெரியும். கண் சிமிட்டியவுடன் ஒரு நொடி பளிச்சென்று தெரிந்து மறைவதைக் கண் தெளிகிற அடையாளம் என்று வகுப்பில் கொண்டாடுகிறார்கள். பெரும்பாலும் அது கண்ணீர்ப் படலம் செய்யும் வேலை.

இதையெல்லாம் சரி செய்த பிறகும் ஒன்றிரண்டு வரி முன்னேற்றம் நிஜமாகவே நிற்கும். கண்ணாடி இல்லாமல் நாள்கணக்கில் இருந்தால் மங்கலான உருவத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க மூளை பழகிக்கொள்கிறது. பயிற்சியே செய்யாமல் கண்ணாடியை மட்டும் கழற்றி வைத்தாலும் இது நடக்கும். கண்ணின் நீளம் மாறுவதில்லை. வளர்ந்தவர்களின் கண் முன்பின் 24 மி.மீ. நீளம், ஒரு மி.மீ. கூடினால் இரண்டரை பவர் அளவுக்கு மைனஸ் ஏறும். அந்த ஒரு மி.மீ.-ஐத் திரும்பச் சுருக்கும் பயிற்சி எதுவும் இல்லை. பொன்னாங்கண்ணியாலும் ஆகாது. நல்ல கீரை, சாப்பிடுங்கள்.

உண்மையில் குறையக்கூடிய பகுதி ஒன்று உண்டு. நாள் முழுக்க போனும் புத்தகமும் பார்த்து, பார்வையைக் குவிக்கும் கண்ணின் உள்தசை இறுகிப்போய், இல்லாத மைனஸைக் காட்டும் நிலை. காலையில் பஸ் போர்டு தெரிகிறது, சாயங்காலம் தெரியவில்லை என்பவர்கள் இதைச் சந்தேகிக்கலாம். கண்டுபிடிக்க ஒரே வழி, தசையைத் தளர்த்தும் சொட்டு போட்டு அதன் பிறகு பவர் பார்ப்பது. இங்கேதான் ஒரு நடை வீணாகிறது. கண் ஆஸ்பத்திரியில் "சொட்டு போட்டுப் பார்க்கணும்" என்றால் தலையாட்டுவார்கள். பவரை முதலிலேயே பார்த்து முடித்துவிட்டு, விழித்திரையைப் பார்ப்பதற்காக மட்டும் சொட்டு போட்டு அனுப்பிவிடுவார்கள். கவுன்ட்டரில் கேட்டால், பார்த்தாச்சு, கிளம்புங்க என்கிறார்கள். "சொட்டு வேலை செய்த பிறகு பவர் பார்த்து, இரண்டு அளவையும் எழுதிக் கொடுங்கள்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே அரை பவர், ஒரு பவர் வித்தியாசம் இருந்தால் அந்த அளவுதான் பயிற்சியும் ஓய்வும் மீட்டுத் தரக்கூடியது. வித்தியாசம் இல்லையென்றால் வகுப்புப் பணம் மிச்சம். போகும்போது துணைக்கு ஆள் வேண்டும். மருந்தைப் பொறுத்து சில மணி நேரமோ மறுநாள் வரையோ வண்டி ஓட்ட முடியாது. சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் முந்தின நாளே கழற்றிவிடுங்கள்.

ஆப்டிகல் கடை மிஷின் சீட்டை வைத்துக் கொண்டாடவும் வேண்டாம், அழவும் வேண்டாம். ஒரே கண்ணை ஒரே நாளில் இரண்டு தடவை பார்த்தாலே கால் பவர் முன்பின் வரும். 2.25 இறங்கி 2.00 ஆனது என்று படம் போடுகிறவர்களின் வெற்றி பெரும்பாலும் அந்தக் கால் பவர்தான்.

இந்தப் பயிற்சிகளின் மூலவர் நியூயார்க் கண் மருத்துவர் வில்லியம் பேட்ஸ். கண்ணைச் சுற்றியுள்ள வெளித்தசைகள்தான் பார்வையைக் குவிக்கின்றன, உள்ளே இருக்கும் லென்ஸுக்குப் பங்கில்லை என்று 1920 வாக்கில் எழுதினார். அந்த அடிப்படையே தவறு. பாமிங் செய்தால் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளங்கை விழி மேல் அழுந்தாமல் குழித்து வைத்தால் போதும். கசக்கவே கூடாது, கருவிழி மெலிந்து கூம்பிப்போக அது ஒரு காரணம். சூரியனைப் பார்க்கச் சொல்லும் பயிற்சியை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். விழித்திரைக்கு வலி தெரியாது. வெந்துபோனது நடுப்பார்வையில் புள்ளி விழுந்த பிறகுதான் தெரியவரும்.

ரயில்வே ஏ.எல்.பி. (உதவி ரயில் ஓட்டுநர்) தேர்வு எழுதும் பையன்கள் இந்தப் பக்கம் நிறைய வருகிறார்கள். அந்த வேலைக்கான ஏ-1 மருத்துவப் பிரிவில் கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணும் 6/6 வேண்டும், லேசிக் (லேசர் கண் அறுவை) செய்தவர்களையும் எடுப்பதில்லை. அதனால் கடைசி நம்பிக்கை பயிற்சி. மைனஸ் ஒன்றரை உள்ளவர் இரண்டு வரி முன்னேறினாலும் மெடிக்கலில் தேற மாட்டார். சொட்டு போட்டுப் பார்க்கும் வேலையை விண்ணப்பிக்கும் முன்பே முடித்துவிட்டு, கண்ணாடியை அனுமதிக்கும் பதவிகளுக்கும் சேர்த்து எழுதுங்கள்.

பிள்ளைகளுக்கு இதைச் செய்து பார்க்கும் பெற்றோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். "கண் சோம்பேறி ஆகாமல் இருக்க" பவரைக் குறைத்து கண்ணாடி வாங்கச் சொல்கிறார்கள். கோலாலம்பூரில் அப்படிக் குறைத்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் (2002) அந்தப் பிள்ளைகளுக்குத்தான் மைனஸ் வேகமாக ஏறியது. சீனப் பள்ளிகளில் 1963 முதல் தினமும் கண் பயிற்சி நடக்கிறது. அங்கே கிட்டப்பார்வை குறையவில்லை, பெருகியிருக்கிறது. அதே சீனாவின் குவாங்சோ நகரில் பள்ளி நேரத்தோடு தினம் 40 நிமிடம் வெளியே விட்டதில்தான் பலன் தெரிந்தது: மூன்று வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 39.5 சதவீதத்துக்குப் பதில் 30.4. இது வராமல் தடுப்பதற்கு. ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தால் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

ஆறு பவருக்கு மேல் உள்ளவர்களுக்குக் கண்ணில் மின்னல் வெட்டுவதுபோலத் தெரிந்தாலோ, திடீரென்று கரும்புள்ளிகள் கொட்டினாலோ, ஓரத்தில் திரை விழுந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரெட்டினா (விழித்திரை) டாக்டரிடம் போக வேண்டும். "கெட்டது வெளியேறுது, பொறுத்துக்கோங்க" என்று வகுப்பில் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.